ஆட்டம் கண்ட மூட்டுகள்: பழைய பொக்லைனின் பின், புஷ், துளை

பழைய பொக்லைன் ஒன்றைப் பார்க்கக் கல்குவாரிக்கு எங்களை அழைக்கும் உரிமையாளர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். பின் (மூட்டைக் கோக்கும் எஃகு உருளை) தேய்ந்துவிட்டது, ஆட்டம் கொடுக்கிறது, புதுப் பின் கடைந்து போட்டுவிடுங்கள் என்பார்கள். பின் தேய்ந்திருப்பது உண்மைதான். ஆனாலும் கழற்றிக் கீழே வைத்த பின்னுக்கு முன்னதாக, அது உட்கார்ந்திருந்த துளையைப் பார்ப்பதே என் வழக்கம். பின்னை லேத்தில் விரைவாகக் கடைந்துவிடலாம். துளையின் வட்டம் கெட்டு, எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பது ஒருமுறை பிசகிவிட்டால், அதை மீட்பதுதான் பழுதுபார்ப்பின் பெரும்பகுதி. அதைச் செய்யாமல் போடப்படும் புதுப் பின் வீண் செலவு என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

20 டன் எடைப் பிரிவைச் சேர்ந்த ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். மேல் உடலோடு பூம் (முதல் பெருங்கை) சேரும் அடி மூட்டு, பூமும் ஆர்மும் (அதன் நுனியில் தொடரும் கை) சேரும் மூட்டு, ஆர்மின் நுனியில் பக்கெட் தொங்கும் மூட்டு, பக்கெட்டைத் திருப்பும் லிங்க்குகள், ஹைட்ராலிக் சிலிண்டர்களின் இரு முனைகள் என எல்லா இடங்களிலும் ஒரே அமைப்புதான்: ஒரு பின், அதைச் சுற்றி புஷ் எனப்படும் ஓர் உலோக வளையம், புஷ்ஷை இறுக்கிப் பிடித்திருக்கும் துளை. இந்தப் பிரிவில் பக்கெட் பின்னின் விட்டம் பெரும்பாலும் 80 மி.மீ. இருக்கும். பின்னின் மேற்பரப்பு மட்டும் சில மி.மீ. ஆழத்திற்குக் கடினமாக்கப்பட்டிருக்கும், அடி தாங்குவதற்காக உட்பகுதியை இளக்கமாகவே விட்டிருப்பார்கள். அந்தக் கடினமான மேல்தோல் தேயும்வரை தேய்மானம் மெதுவாக நடக்கும். அது தீர்ந்த பிறகு, மிச்சம் உள்ள எஃகு எதிர்பாராத வேகத்தில் கரையும்.

இந்த மூட்டுகள் ஏன் இப்படித் தேய்கின்றன என்பதற்கு அவற்றின் அசைவிலேயே விடை இருக்கிறது. என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முழுச் சுற்றாக, வேகமாகச் சுழல்வதால் அதற்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் தானாகவே உருவாகி உலோகங்களைப் பிரித்து வைக்கிறது. பொக்லைனின் பின்னோ முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. டன் கணக்கான சுமையின் கீழ் மெதுவாக முன்னும் பின்னும் திரும்புகிறது. அந்த வேகத்தில் படலம் உருவாக வழியே இல்லை. இடையில் ஒட்டியிருக்கும் கிரீஸும் அதில் கலந்துள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் வழுக்குப் பொருளும் மட்டுமே உலோகத்தை உலோகத்திடமிருந்து காக்கின்றன. இதோடு கருங்கல் குவாரியின் தூசியையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. டஸ்ட் சீல் கிழிந்த மூட்டுக்குள் அது நுழைந்து கிரீஸோடு கலந்துவிட்டால், வால்வு அரைக்கப் பயன்படும் பசையைப் போல, ஒவ்வொரு அசைவிலும் பின்னையும் புஷ்ஷையும் அரைத்துக்கொண்டே இருக்கும். சுமை எப்போதும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வருவதால் தேய்மானமும் ஒரே பக்கம் விழுந்து, துளை நீள்வட்டமாகிவிடுகிறது.

ஆட்டம் 2 மி.மீ. தானே என்று சிலர் பொருட்படுத்துவதில்லை. பூமும் ஆர்மும் சேரும் மூட்டில் இரண்டு புஷ்களுக்கும் நடுவே 300 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆர்மின் நீளம் ஏறத்தாழ 2.9 மீட்டர், பக்கெட்டின் பல் நுனிவரை இன்னும் ஒன்றரை மீட்டர். மூட்டில் உள்ள 2 மி.மீ. தளர்ச்சி பல் நுனியை அடையும்போது ஒரு பக்கம் ஏறத்தாழ 3 செ.மீ., இரு பக்கமும் சேர்த்து 6 செ.மீ. பக்கவாட்டு ஆட்டமாகப் பெருகிவிடும். அந்த ஆட்டத்தோடு பாறையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் பின் துளைக்குள் சுத்தியல் அடியாக இறங்குகிறது. அடுத்து வெடிப்பது பூமின் வெல்டிங்காகவோ சிலிண்டரின் முனையில் பின் நுழையும் கண்ணாகவோ இருக்கும்.

இதற்கு நடைமுறையில் செய்யப்படும் கைவைத்தியங்கள் பல. தேய்ந்த பின்னின் மேல் வெல்டிங் செய்து லேத்தில் கடைந்து மீண்டும் போடுவது, புஷ்ஷுக்கும் துளைக்கும் நடுவே தகடு சுற்றி அடிப்பது, பக்கெட்டின் காதில் (பின் துளை உள்ள தகட்டில்) தடித்த வாஷரை வைத்து வெல்டிங் செய்து அதையே துளையாக்கிக்கொள்வது ஆகியவை அடிக்கடி காணக்கிடைப்பவை. வேலை நிற்கக் கூடாத நெருக்கடியில் இவற்றைச் செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீள்வட்டத் துளைக்குள் வட்டமான புதுப் பின்னை நுழைத்தால் அது முழுப் பரப்பிலும் உட்காராமல் ஒரு கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். முழுச் சுமையும் அந்த ஒற்றைக் கோட்டில் விழுவதால் புதுப் பின் பழையதைவிட வேகமாகத் தேய்கிறது. வாஷர் வைத்த காதில் இன்னொரு கேடும் உண்டு. இடக்காதின் வாஷரும் வலக்காதின் வாஷரும் கண்மதிப்பில் வைக்கப்படுவதால், அவற்றின் மையங்கள் ஒரே கோட்டில் அமைவது அரிது. பின்னைச் சம்மட்டியால் அடித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி ஏறிய அந்தப் பின், மூட்டுக்குள் வளைந்தபடியே வேலை செய்யும்.

சரியான பழுதுபார்ப்பு அளவெடுப்பதில் தொடங்குகிறது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி, டயல் கேஜைப் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) பொருத்தி, பூமைச் சற்றே ஏற்றி இறக்கினால் மேல்கீழ் ஆட்டம் எவ்வளவு என்பது தெரியும். காதுக்கும் ஆர்முக்கும் நடுவே பக்கவாட்டில் உள்ள இடைவெளி வேறு கணக்கு. அதை ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) போட்டுச் சரிசெய்யலாம், துளையைத் தொட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஷிம்மை அடுக்கிக்கொண்டே போனவர்களின் இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பிறகு துளையைக் குறைந்தது நான்கு திசைகளில், முன்புறம், நடு, பின்புறம் என மூன்று ஆழங்களில் அளந்து தாளில் எழுதிக்கொள்கிறோம். எந்தத் திசையில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது இந்த எண்களில்தான் தெரியும். பின்னால் மையத்தைத் தேடும்போது இதே தாள்தான் கைகொடுக்கும்.

கழற்றுவதற்கு முன் பூமையும் ஆர்மையும் மரக்கட்டைகள் மீது நன்றாக அமர்த்தி, என்ஜினை நிறுத்தி, லீவர்களை அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இறுகிப்போன பின்னை நேரடியாகச் சம்மட்டியால் அடிக்கக் கூடாது. கடினமாக்கப்பட்ட எஃகிலிருந்து சில்லு தெறித்தால் அது கண்ணைப் பறித்துவிடும். பித்தளைக் கட்டை வைத்து அடிக்கலாம். ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தள்ளுவது அதைவிடச் சிறந்தது. துளைகள் நேராக இருக்கின்றனவா என்று விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் பட்டறையில் அறவே அனுமதிப்பதில்லை.

பழைய புஷ்ஷை வெளியே எடுக்க ஒரு நல்ல வழி உண்டு, இதைப் புதிய பையன்களுக்குக் காட்டும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும். புஷ்ஷின் உட்சுவரில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, எதிரெதிராக இரண்டு மூன்று வெல்டிங் கோடுகளை இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அது சுருங்கும்போது புஷ்ஷையும் உள்நோக்கி இழுக்கும். சிவப்பு மங்கிக் கருத்துக்கொண்டே வரும் அந்தச் சில நிமிடங்களில் 'டிக்' என்று மெல்லிய ஓசை கேட்கும். அதன் பிறகு, ஜாக்கிக்கும் அசையாமல் நின்ற அந்த வளையம், லேசாகத் தட்டினாலே நழுவி வந்துவிடும். கேஸ் கட்டிங்கால் அறுத்தெடுத்தால் துளைச் சுவரில் காயம் படாமல் தப்புவது அரிது.

இனி லைன் போரிங். துளையின் இரு பக்கமும் தாங்கிகளைப் பொருத்தி, அவற்றின் வழியே நீண்ட ஓர் உருளைத் தண்டைச் செலுத்தி, தண்டின் நடுவே செருகிய கத்தியைச் சுழற்றித் துளையைக் கடைவதே இந்த முறை. இரு முனையிலும் தாங்கப்பட்ட தண்டு வளையாது. இரண்டு காதுகளையும் ஒரே தண்டு கடைவதால் இரண்டும் ஒரே கோட்டில் அமைந்தே தீரும். இந்தக் கருத்து இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வில்கின்சனுடையது. அவர் 1775-இல் அமைத்த துளை கடையும் இயந்திரம்தான் ஜேம்ஸ் வாட்டின் நீராவி என்ஜினுக்கு ஒழுங்கான சிலிண்டர்களைக் கொடுத்தது. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டர் ஒன்று எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் வியந்து எழுதினார். அதே வழிமுறையைத்தான் இன்று குவாரியின் தூசிக்கு நடுவே, ஒரு ஜெனரேட்டரின் துணையோடு நாங்கள் கையாள்கிறோம்.

தண்டை எந்த மையத்தில் நிறுத்துவது என்பதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. தேய்ந்த துளையின் நடுவை மையமாகக் கொண்டால், தேய்மானம் போன பக்கமாக மூட்டு நிரந்தரமாக நகர்ந்துவிடும். ஒரு காது 3 மி.மீ. நகர்ந்து மற்றது 1 மி.மீ. மட்டுமே நகர்ந்திருந்தால், அதில் மாட்டும் பக்கெட் கோணலாகவே தொங்கும். ஆகவே தேயாத இடத்தைத் தேட வேண்டும். சுமை விழும் பக்கத்திற்கு நேர் எதிர்ப்பக்கத்துச் சுவரும், சீல் மறைத்திருந்த வெளி விளிம்பும் பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். அவற்றில் டயல் கேஜை ஓட்டித் தண்டை நிறுத்துகிறோம். பிறகு, பக்கத்தில் தேயாமல் உள்ள இன்னொரு பின் துளையின் மையத்திலிருந்து தண்டின் மையம்வரை, இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக அளக்கிறோம். இரண்டு அளவும் ஒன்றாகும்வரை கத்தியைத் தொடுவதில்லை. இதற்கு அரை நாள் போனாலும் போகட்டும் என்பதே என் கொள்கை.

மையம் உறுதியானதும் முதலில் துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, கிரீஸ் ஊறிய பழைய பரப்பை நீக்குகிறோம். அப்படியே அதன்மேல் வெல்டிங் செய்தால் உள்ளே குமிழி விழும். வெல்டிங்குக்குக் கையால் என்றால் 7018 என்னும் வகை வெல்டிங் ராட்; அது ஈரம் உறிஞ்சிவிடாமல் சூட்டடுப்பில் காய்ச்சி எடுத்திருக்க வேண்டும். காதை 100 முதல் 150 டிகிரி செல்சியஸ்வரை சூடேற்றிக்கொண்டு, ஒரு பக்கம் ஒரு கோடு, நேர் எதிர்ப்பக்கம் அடுத்த கோடு என மாற்றி மாற்றி இழுத்தால் காது ஒரு பக்கமாகத் திருகாது. எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் அதே காதில் பிடிக்க வேண்டும். வேறெங்கோ பிடித்தால் மின்சாரம் நல்ல நிலையில் உள்ள பின்களின் வழியாகவும், மேல் உடல் சுழலும் பேரிங்கின் வழியாகவும் பாய்ந்து, அவற்றின் பரப்பில் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

ஆறிய பிறகு மையத்தை மீண்டும் சரிபார்த்துவிட்டுக் கடைசலைத் தொடங்கினால், முதல் சுற்றில் கத்தி வெல்டிங்கின் மேடுகளை மட்டும் தொட்டு 'டக் டக்' என்று விட்டுவிட்டு ஒலிக்கும். சுற்றுக்குச் சுற்று அந்த இடைவெளிகள் குறைந்து, இறுதியில் ஒரே சீரான இரைச்சலாக மாறி, சுருள் அறுபடாமல் நீண்டு விழும்போது, துளை வட்டமாகிவிட்டது என்பது அளப்பதற்கு முன்பே நம் செவிக்குத் தெரிந்துவிடும்.

புது புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். கடினமான புஷ் அதில் கீறல் விடும். 95 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ், துளையைவிட 0.08 முதல் 0.1 மி.மீ.வரை பெரிதாக இருக்கும். உலர் பனிக்கட்டியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் அது ஏறத்தாழ அந்த அளவே சுருங்கும். காதையும் லேசாகச் சூடேற்றினால் புஷ் கையாலேயே உள்ளே போய்விடும். திரவ நைட்ரஜன் கிடைத்தால் இன்னும் எளிது. அது உள்ளே போகும் அந்த நொடியில் கவனிக்க வேண்டியது கிரீஸ் வழியை. புஷ்ஷில் உள்ள துளை, காதில் உள்ள கிரீஸ் துளைக்கு நேராக நிற்க வேண்டும். வெளிப்புறத்தில் சுற்றுப் பள்ளம் இல்லாத புஷ் சற்றே திரும்பி உட்கார்ந்துவிட்டால், பின்னர் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் பின்னை எட்டாது. இன்னொன்று, இறுகி உட்கார்ந்த புஷ்ஷின் உள்விட்டமும் சிறிது குறையும். ஆகவே பின்னுக்கான இடைவெளியை மேசைமேல் இருந்த புஷ்ஷை வைத்துக் கணக்கிடாமல், பொருத்திய பிறகே அளந்து பார்க்க வேண்டும்.

பின்னைப் பூட்டும் லாக் போல்ட்டுக்கு இரட்டை நட் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் இறுக்கி, காதோடு இறுக்காமல் விடுகிறோம். இந்தப் பூட்டு உடைந்தால் புஷ்ஷுக்குள் நிகழ வேண்டிய திரும்பல் பக்கெட் காதுக்குள் நிகழத் தொடங்கும். பல இயந்திரங்களில் அந்தக் காதுக்குப் புஷ்ஷே கிடையாது.

வேலை முடிந்து முதல் 50 மணி நேரம் இயந்திரம் ஓடியதும், அதே டயல் கேஜோடு சென்று ஆட்டத்தை மீண்டும் அளக்கிறோம். அதுவரை பக்கெட் மூட்டுகளுக்குத் தினமும் கிரீஸ் அடிக்குமாறு ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு வருவோம். பக்கெட்டைத் தரையில் ஊன்றிய நிலையில் ஒரு முறையும், சற்றே தூக்கிய நிலையில் ஒரு முறையும் அடித்தால், சுமை பக்கம் மாறிப் பின்னின் இரு பக்கத்துக்கும் கிரீஸ் சேரும். பழைய கறுத்த கிரீஸ் முழுவதும் வெளியேறிப் புதியது சீல் ஓரமாக எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். 50 மணி நேரத்திற்குப் பிறகு எடுத்த அளவு வேலை முடிந்ததும் நாங்கள் தாளில் எழுதிவைத்த அளவைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தால், முதலில் கிரீஸ் நிப்பிளைக் கழற்றி வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம், அடுத்து லாக் போல்ட்டைப் பார்க்கிறோம். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே மூட்டைத் திரும்பக் கழற்றுகிறோம்.