பட்டதாரி ஆசிரியர் ஆக: பி.எட். சேர்க்கையிலிருந்து சான்றிதழ் சரிபார்ப்பு வரை

தமிழ்நாட்டில் ஆசிரியர் உரிமம் என்று தனியாக ஒரு தாளை யாரும் தருவதில்லை. பட்டம், பி.எட்., டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி மூன்றும் கையில் இருந்தால் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தகுதி வந்துவிடும். அரசுப் பள்ளிப் பணிக்கு அதன்மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் உண்டு. இந்தப் பாதையை முடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிற எங்களுக்குத் தெரிந்த உண்மை இது: தேர்வில் தோற்றவர் அடுத்த முறை எழுதலாம். சான்றிதழில் தோற்றவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. இளங்கலையில் எடுத்த ஒரு முடிவு ஆறேழு ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் வந்து நிற்கும். ஆகவே அந்த மேசையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்கிறோம்.

முதலில் பட்டத்தின் பெயர். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் ஒன்று முதன்மைப் பாடமாக, அதே பெயரில் பட்டச் சான்றிதழில் இருந்தால் கவலையில்லை. பெயருக்கு முன்னால் 'பயன்பாட்டு' என்றோ பின்னால் 'கணினிப் பயன்பாட்டுடன்' என்றோ ஒட்டு இருந்தால் இணைத்தன்மை அரசாணை, அதாவது அந்தப் பட்டம் மூலப் பாடப் பட்டத்துக்கு இணை என்று சொல்லும் அரசாணை, கேட்பார்கள். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்களுக்கும் இதே கேள்விதான். பாடத்திட்டம் எழுபது, எண்பது விழுக்காடு ஒன்றுதானே என்று நாம் வாதிட்டால் மேசையில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. அரசாணை எண்ணும் நாளும் இருந்தால் தகுதி, இல்லாவிட்டால் நிராகரிப்பு. உங்கள் பல்கலைக்கழகம், உங்கள் பட்டத்தின் பெயர் இரண்டும் சேர்ந்து அரசாணையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு பல்கலைக்கழகத்தின் அதே பெயர்ப் பட்டத்துக்கு வந்த ஆணை உங்களுக்குச் செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆணை இல்லையென்றால் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துக்குப் பாடத்திட்ட நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். குழு கூடி, பரிந்துரைத்து, ஆணை வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பி.எட். முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். தேர்வு அறிவிக்கை வந்தபிறகு தொடங்கினால் கடைசி நாளுக்குள் ஆணை கைக்கு வராது.

வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், மனையியல் படித்தவர்களுக்கு இளங்கலையோடு பி.எட். இடம் கிடைக்காது. முதுகலை முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடங்கள் மேல்நிலை வகுப்புகளில்தான் உள்ளன. கணினி அறிவியல் பட்டதாரிகளின் நிலைதான் மனத்தை உறுத்துகிறது. இளங்கலையோடு பி.எட். முடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் பட்டதாரி ஆசிரியர் பணியிடப் பாடங்களில் கணினி அறிவியல் இல்லை. மேல்நிலைப் பள்ளியின் கணினிப் பயிற்றுநர் பணிக்கு முதுகலையும் வேண்டும். கல்லூரியில் சேரும்போது இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. கட்டணம் கட்டி இரண்டு ஆண்டு படித்தபிறகுதான் தெரியவருகிறது.

பி.எட். சேர்க்கைக்கான மதிப்பெண் கணக்கு எளிது. பகுதி 3, அதாவது முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் செய்முறையும் சேர்ந்த மதிப்பெண்ணை மட்டும் எடுப்பார்கள். பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 43, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்பது இங்குள்ள வழக்கம். மொழிப்பாட மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டிவிட்டு "எனக்கு 52 வருகிறது" என்று வருகிறவர்கள் நிறைய. பகுதி 3-ஐத் தனியாகக் கூட்டினால் 48 ஆகிவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஒற்றைச்சாளரச் சேர்க்கை. 1856-இல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரியும் திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் கல்லூரியும் இதற்குள்தான் வருகின்றன. முடிந்தவரை இந்த வரிசைக்கே முயலுங்கள். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம், பயிற்சிப் பள்ளிகள் ஒழுங்காகக் கிடைப்பது அதைவிடப் பெரிய காரணம். வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2014 விதிமுறைப்படி வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும். தொலைநிலை பி.எட். என்பது, நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும் உரியது. வெறும் பட்டதாரிக்கு அந்தக் கதவு இல்லை.

இரண்டு ஆண்டுப் படிப்பின் உயிர் பள்ளிப் பயிற்சியில் இருக்கிறது. மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அதற்கு முன் கல்லூரியிலேயே நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம். ஒரு சுற்று 36 நிமிடம். பல இடங்களில் முதல் பாடத்தோடு நிறுத்திவிட்டு மற்றதை ரெக்கார்டில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், எழுதிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் இழப்பு உங்களுக்குத்தான். வினா கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருப்பது, வகுப்புக்கு முதுகு காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது, இவை இரண்டாம் முறை எடுக்கும்போதுதான் கைக்குப் பிடிபடும்.

பதினாறு வாரம் என்றால் நீண்ட காலம்போலத் தெரியும். காலாண்டுத் தேர்வு, அதன் விடுமுறை, விளையாட்டு விழா, திருப்புதல் எல்லாம் கழிந்தால் பாடம் எடுக்கும் நாட்கள் சுருங்கிவிடும். ஆகவே பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே வழிகாட்டி ஆசிரியரிடம் கால அட்டவணையையும் உங்களுக்கான பாடப்பகுதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பாடக்குறிப்பில் அவரது கையொப்பத்தை அன்றன்றைக்கே வாங்குவது நல்லது. நாற்பது பாடக்குறிப்பைக் கடைசி நாளில் ஒன்றாக நீட்டினால் நல்ல ஆசிரியர் மறுப்பார், மறுக்கவும் வேண்டும்.

ரெக்கார்டுகளில் திருத்தத்துக்காக அதிகம் திரும்பி வருவது, மாணவர்கள் கற்றதை அளக்கும் அடைவுத் தேர்வு ரெக்கார்டு. புளூபிரிண்டில், அதாவது வினாத்தாளின் மதிப்பெண் பங்கீட்டு அட்டவணையில், அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று நெடுக்கே கூட்டினாலும், பாட அலகு வாரியாகக் குறுக்கே கூட்டினாலும் ஒரே மொத்தம் வர வேண்டும். வினாத்தாளை முதலில் எழுதிவிட்டுப் புளூபிரிண்டைப் பிறகு நிரப்புகிறவர்களுக்கு இது ஒருபோதும் சரியாக வராது. சராசரி, திட்டவிலக்கம் கணக்கிடும்போது மாணவர்களின் உண்மையான மதிப்பெண்ணையே போடுங்கள். இட்டுக்கட்டிய எண்கள் அளவுக்கு மீறிச் சீராக விழும். புறத்தேர்வாளர் அலைவெண் வரைபடத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். தனியாள் ஆய்வுக்கு எடுக்கும் மாணவரின் பெயரை ரெக்கார்டில் எழுத வேண்டாம், முதலெழுத்து போதும். அந்தக் குழந்தையின் வீட்டு நிலைமை பத்துப் பேர் கையில் புரளும் நோட்டில் இருக்கக் கூடாது.

அடுத்தது டெட். கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியான அறிவிக்கையிலிருந்து இது கட்டாயமாகிவிட்டது. பி.எட். பட்டதாரிகளுக்கு உரியது இரண்டாம் தாள். முதல் தாளையும் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையை விட்டுவிடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இரண்டாம் தாளில் 150 வினா, 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல் 60. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே ஒரு வட்டத்தையும் நிரப்பாமல் விடக் கூடாது. பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மற்ற பிரிவினருக்கான தளர்வு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

தோல்வி பெரும்பாலும் 60 மதிப்பெண் பகுதியில் நேர்கிறது. இயற்பியல் படித்தவர் உயிரியலைத் தொட்டே ஆறு ஆண்டு ஆகியிருக்கும். வரலாறு படித்தவருக்குப் புவியியல் வரைபடம் அந்நியம். தமிழ்ப் பட்டதாரிகள் பெரும்பாலும் சமூக அறிவியலை எடுக்கிறார்கள், அது சரியான தேர்வு. வழிகாட்டி நூல்களை வாங்கிக் குவிக்காமல் ஆறு முதல் பத்து வரையிலான பாடநூல்களை, ஒவ்வொரு பாடத்தின் இறுதியில் உள்ள பயிற்சியோடும் கட்டத்துக்குள் உள்ள துணுக்குகளோடும் வரிவரியாகப் படியுங்கள். வினா அங்கிருந்துதான் வருகிறது. உளவியல் 30-க்கு பி.எட். குறிப்புகளே போதும், பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் ஆகிய உளவியலாளர் மூவரின் கோட்பாடுகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வந்துவிடும்.

டெட் ஆண்டுதோறும் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். 2012 ஜூலையில் முதல் தேர்வு. ஒன்றரை மணி நேரத்தில் 150 வினா என்று வைத்ததால் லட்சக்கணக்கில் எழுதியவர்களில் 2,500 பேர்கூடத் தேறவில்லை. அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். பிறகு 2013, 2017, 2019. 2022 அறிவிக்கையின் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2025 நவம்பர். ஆகவே பி.எட். இறுதியாண்டில் இருக்கும்போது அறிவிக்கை வந்தால் தயக்கமின்றி விண்ணப்பியுங்கள். தேர்ச்சிச் சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுதும் செல்லும்.

2018 முதல் டெட் மதிப்பெண் தகுதிக்கு மட்டும். பணி நியமனம் தனிப் போட்டித் தேர்வின்மூலம். 2024 பிப்ரவரியில் நடந்த பட்டதாரி ஆசிரியர் தேர்வில் தமிழ்த் தகுதித்தாள் 50 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலவழியில் படித்தவர்கள் இதை அலட்சியம் செய்து இழந்திருக்கிறார்கள்.

இனி மீண்டும் சான்றிதழ்களுக்கு. தமிழ்வழிக் கல்விக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம், பி.எட். வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், படித்த ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் அதற்கென உள்ள படிவத்தில் சான்று வேண்டும். மாற்றுச் சான்றிதழில் 'தமிழ்' என்று இருப்பது போதாது. மூன்று பள்ளி மாறியவருக்கு மூன்று தலைமையாசிரியர் கையொப்பம், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்ற விவரத்தோடு. பள்ளி மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் எந்த அலுவலகத்தில் கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதற்கே வாரங்கள் போய்விடும். பி.எட். விண்ணப்பத்தில் பயிற்றுமொழிக் கட்டத்தில் ஆங்கிலம் என்று குறித்துவிட்டுத் தேர்வைத் தமிழில் எழுதினாலும் சான்று கிடைக்காது.

திருமணமான பெண்கள் சாதிச் சான்றிதழைத் தந்தை பெயரில் வைத்திருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ளது செல்லாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கலைச்செல்வி', பட்டத்தில் 'கலைச்செல்வி எஸ்.' என்று இருப்பதைப் பெரும்பாலும் ஏற்பார்கள். எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் பல்கலைக்கழகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். பி.எட். காலத்திலேயே தொலைநிலையில் முதுகலையும் முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் இரண்டின் தேதிகளையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கேள்வி வரும். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவர்கள் பட்டச் சான்றிதழை வாங்காமலே இருப்பார்கள். தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டாம். அறிவிக்கையில் குறித்த நாளுக்குப் பின் தேதியிட்ட எந்தத் தாளும் மேசையில் மதிப்பு பெறாது. எல்லாவற்றையும் இரண்டு தொகுதி நகலெடுத்து, பத்தாம் வகுப்பு மேலே, பி.எட். கீழே என்று படித்த வரிசையில் அடுக்கி, மூலச் சான்றிதழ்களைத் தனி உறையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.