பிராய்லர் தீவனத்தில் மயில்துத்தம்: எவ்வளவு, எதற்கு?

பல்லடம் பக்கம் பிராய்லர் வளர்ப்பவர்களிடம் பேசினால், கோழி எடை ஏறவில்லை என்றதும் "கொஞ்சம் மயில்துத்தம் போட்டுப் பாருங்க" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், தாமிரம் உள்ள நீல உப்பு. அது வெறும் நம்பிக்கை இல்லை. தாமிரம் குடலில் கிருமிகளை அடக்குவதால் 125 முதல் 250 பிபிஎம் வரை (பிபிஎம் என்றால் ஒரு டன் தீவனத்துக்கு ஒரு கிராம்) கொடுக்கும்போது வளர்ச்சி கூடியதாகப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கோழியின் உடம்புக்குத் தேவை என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் சொன்னது வெறும் 8 பிபிஎம்தான். அதில் ஒரு பங்கு மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது, மினரல் மிக்சரிலும் கொஞ்சம் வருகிறது. மயில்துத்தத்தில் கால்பங்கு தாமிரம், அதனால் டன்னுக்கு ஒரு கிலோ கலந்தாலே 250 பிபிஎம் ஆகிவிடும்.

இங்கேதான் மெத்தியோனின் வருகிறது. மக்காச்சோளம் சோயா தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆகும் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் அடிப்படைத் துண்டு, அதுதான், அப்புறம்தான் லைசின். மெத்தியோனினும் சிஸ்டீனும் கந்தகம் உள்ளவை. தாமிரம் அளவு மீறினால் அந்தக் கந்தகத்தோடு பிணைந்துகொள்ளும், இறைச்சிக்கும் இறகுக்கும் போக வேண்டியது அங்கே மாட்டிக்கொள்ளும். தீனியை அரைக்கும் அரைவைப்பையின் உள்தோல் புண்ணாகி வெடிப்பதும் தாமிரம் மிஞ்சினால் நடப்பதுதான். மெத்தியோனினைக் கூட்டினால் பாதிப்பு ஓரளவு குறைகிறது, ஆனால் விலை உள்ள ஒன்றை, நாமே போட்ட விஷத்தை முறிக்கச் செலவழிப்பது என்ன கணக்கு?

கம்பெனி தீவனத்தில் வளர்ப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். மூட்டையில் என்ன அளவு இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டியில் தனியாகக் கலக்காதீர்கள், கசப்பு ஏறினால் கோழி தண்ணீரையே குறைத்துவிடும், தீவனம் எடுப்பதும் கூடவே இறங்கும். முதலில் மெத்தியோனினும் லைசினும் சரியாக இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு, கெடுவதற்கு அங்கே காரணம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 விதியில் கோழித் தீவனத்தில் தாமிரத்துக்கு உச்சவரம்பு 25 பிபிஎம், காரணம் பெரும்பாலும் கோழி போடும் எச்சம். கொடுக்கும் தாமிரத்தில் பெரும்பகுதி எச்சத்தில் வெளியேறி, கொட்டகைத் தரையில் பரப்பும் தென்னைநார்க் கழிவோடு சேர்ந்து எருவாகத் தோட்டத்துக்குப் போகிறது, மண்ணில் அது அழியாது. செம்மறியாடு வைத்திருப்பவர்கள் அந்த எருக்குவியல் பக்கம் ஆட்டை விடவே கூடாது, தாமிரம் அதன் ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்து ஒருநாள் திடீரென்று ஆட்டையே சாய்த்துவிடும்.