கோண்டாவில் வளவில் பார்த்தீனியம்: மூன்றாவது மாரி

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டோடு சேர்ந்த நாலு பரப்புத் தோட்டக்காணி, செம்மண். வெங்காயமும் கத்தரியும் வைக்கிற இடம். அதிலிருந்து பார்த்தீனியம் என்ற களையை வெளியேற்ற மூன்று மாரியாகப் பாடுபடுகிறேன். இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் மாரி முழுக்கப் பிழை விட்டேன். வெள்ளைப் பூ நிறைந்த பிறகுதான் கவனித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையால் பிடுங்கி, கட்டுக் கட்டாக வேலி மூலை வரை இழுத்துப் போய்க் குவித்தேன். இரண்டு நாளில் முழங்கை வரை தடித்துச் சிவந்தது, இரவில் நித்திரை இல்லை. அது ஆறிவிட்டது. அடுத்த மழைக்குப் பிறகு கண்டதுதான் மனதை விட்டுப் போகவில்லை. கிணற்றடியிலிருந்து மூலை வரை, நான் செடியை இழுத்த தடம் முழுவதும், கயிறு பிடித்து நட்ட மாதிரிக் கன்றுகள். ஒரு செடியே 10,000க்கு மேல் விதை போடக்கூடியது.

அப்புறம் கன்றிலேயே அடையாளம் காணப் பழகினேன். நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும், இலை கரட் இலை போல வெட்டு வெட்டாக இருக்கும். முளைத்து 4 முதல் 6 கிழமையில் பூக்கத் தொடங்கும் என்பதால், மழை விழுந்து மூன்றாம் கிழமைக்குள் ஒரு சுற்று வந்துவிடுவேன். ஈர மண்ணில் அடியைப் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்தால் ஆணிவேர் முழுதாக வரும். காய்ந்த மண்ணில் அடியோடு முறியும், நின்ற கட்டை திரும்பத் துளிர்க்கும். புல்லு வெட்டுகிற மெசினால் வெட்டினாலும் இதே கதைதான். தப்பிப் பூத்த செடி கண்ணில் பட்டால், பிடுங்க முதலே தலையை உரப்பைக்குள் விட்டு, பிறகுதான் வேரை இழுப்பேன். பையின் வாயைக் கட்டி வெயிலில் காயவிட்டு எரிப்பது. பூத்ததைப் பசளைக் குழியில் போடவே கூடாது. கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் இப்போது தொடுவதில்லை.

உப்புத் தண்ணீர் அடிக்கச் சொன்னார்கள். செய்யவில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கும் எங்கள் மண்ணில் ஊற்றுவது கிணற்றுக்குத்தான் இறங்கும், அந்தக் கிணற்றைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

இரண்டாம் மாரியில் ஐப்பசி வரை காணி சுத்தமாக இருந்தது. பிறகு ஒரு லோட் மாட்டெரு வாங்கிப் பரப்பினேன். பரப்பிய பாத்திகளில் மட்டும் பார்த்தீனியம் வந்தது, பரப்பாத பாத்திகளில் இல்லை. இந்தச் செடி 1987இல் இந்திய இராணுவத்தோடு வந்த ஆடுகள் வழியாக வந்தது என்று ஊரில் சொல்வார்கள். இலங்கையில் முதலில் பதிவானது 1999இல் வவுனியாவில். எது எப்படியோ, எருவோடும் மண்ணோடும் சில்லோடும் பயணம் செய்கிற விதை இது என்பதை என் பாத்தியிலேயே கண்டுவிட்டேன். இப்போது எரு வந்தால் மூலையில் குவித்து, நனைத்து, மூன்று கிழமை விடுகிறேன். முளைத்ததைப் பிடுங்கி, குவியலைப் புரட்டி, திரும்ப நனைப்பேன். இரண்டாம் முறை முளைப்பது மிகவும் குறைவு. பயிர் இல்லாத பாத்திகளில் சணல் நெருக்கமாக விதைத்துவிடுகிறேன், வெறும் நிலம் கிடைத்தால்தான் இது துள்ளும்.

மிஞ்சியது உழவு மெசின். எங்கள் ஒழுங்கையில் எல்லாக் காணிக்கும் ஒரே லாண்ட்மாஸ்டர்தான் வரும். கலப்பையில் ஒட்டிய மண்ணோடு விதையும் வருகிறது. ஓட்டுகிற அண்ணையிடம் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.

"உதுக்கு ஆர் தம்பி தண்ணி தாறது?"

"நான் தாறன் அண்ணை. படலையடிச் சீமெந்தில நிப்பாட்டுங்கோ, நானே கழுவி விடுறன்."

முதல் நாள் அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை. சில்லின் இடுக்கிலிருந்து ஒரு வாளி சேறு விழுந்ததைப் பார்த்த பிறகு, தானே குச்சி எடுத்துச் சுரண்டினார்.

நேற்றுக் காலை முழுக் காணியையும் சுற்றி எண்ணினேன். பாத்திகளுக்குள் 3 கன்று. படலையடியில், கழுவிய தண்ணீர் ஓடி நிற்கும் முழ அகலத் துண்டில் மட்டும் 41. எல்லாம் விரல் நீளம்கூட இல்லை, பூக்க இன்னும் நாள் இருக்கிறது. பின்னேரம் மழை பெய்து மண் இளகியதும் 44ஐயும் வேரோடு எடுத்தேன்.