ஆபரேட்டர் ரூம் குறிப்புகள்

அக்டோபர் 4
டாக் ஃபிலிம்ஸ் என்ற திரைப்படச் சங்கத்தில் புரொஜக்டர் ஓட்டப் பழகப் பெயர் கொடுத்தாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஐடா நோய்ஸ் ஹாலில் இருக்கும் மேக்ஸ் பலெவ்ஸ்கி சினிமாதான் அவர்களுடைய அரங்கம். 400க்கு மேல் இருக்கைகள். சங்கத்தின் தொடக்கத்தை 1932 வரை கொண்டுபோகிறார்கள். 1940இல் ஆவணப்படக் குழுவாக உருவெடுத்ததால் வந்ததுதான் 'டாக்'. இப்போது எல்லாப் படமும் ஓடும். படம் தேர்ந்தெடுப்பது, டிக்கெட் கொடுப்பது, ஓட்டுவது எல்லாம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் மாணவர்கள்.

அக்டோபர் 9
முதல் பாடம். 35 மி.மீ. படத்தின் பெரிய ரீல் ஒன்று 2000 அடி, கிட்டத்தட்ட 22 நிமிடம். ஒரு மெஷினில் ரீல் முடியும்போது பக்கத்து மெஷினுக்குத் தாவ வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், நாலே ஃபிரேம். உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போடணும். ஏழெட்டு விநாடியில் இரண்டாவது புள்ளி, அப்போது மாற்றணும். அவ்வளவுதான் வித்தை, ஆனால் கண் சிமிட்டினால் போச்சு.

எல்லா ரீலையும் ஒன்றாக ஒட்டி ஓட்டினால் என்ன என்று கேட்டேன். காப்பகப் பிரதிகளுக்கு அது ஆகாதாம். ஒவ்வொரு முறை வெட்டி ஒட்டும்போதும் முனையில் சில ஃபிரேம்கள் போய்விடும். பத்து ஊர் சுற்றிவந்த பிரதியில் வசனமே பாதியில் நிற்கும். நம் ஊர் டென்ட் கொட்டகையில் பாட்டு நடுவில் 'துள்ளியது' ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

அக்டோபர் 21
கட்டிடத்துக்கு எதிரே மிட்வே புல்வெளி. 1893 உலகக் கண்காட்சியில் உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் நின்றது அங்கேதான். புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் தன் ஓடும் குதிரைப் படங்களைக் காசு வாங்கிக் காட்டிய கூடமும் அதே மிட்வேயில்தான் இருந்தது. கூட்டம் சரியாக வரவில்லையாம். இன்றிரவு எங்கள் மௌனப் படத்துக்கும் அதே கதி. முன்வரிசையில் வழக்கமான தாத்தா ஒருவர், பின்னால் ஒரு காதல் ஜோடி, அங்கங்கே சிலர். ஆனாலும் ஓட்டினோம். லாபம் பார்க்கும் தியேட்டராக இருந்தால் ஷோவையே ரத்து செய்திருப்பார்கள்.

நவம்பர் 6
முதல் தடவையாகத் தனியாக ஓட்டினேன். கீழே படம் பார்த்த ரூம்மேட்டிடம் ரீல் மாறியது தெரிந்ததா என்றேன். "எந்த ரீல்?" என்றான். இதைவிட நல்ல விமர்சனம் வேண்டாம். "டேய் ஆபரேட்டர்!" என்று கத்தவும் விசிலடிக்கவும் இங்கே ஆளில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 14
அடுத்த குவார்ட்டருக்கான (கல்விப் பருவத்துக்கான) படங்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு படவரிசை, அதாவது ஒரு தொடர் என்பதால் சண்டைக்குக் குறைவில்லை. யாருமே கேள்விப்படாத இயக்குநரைச் சொல்வதில் சிலருக்கு அலாதி இன்பம். பாதி அலட்டல், பாதி நிஜ ஆசை. நான் தென்னிந்தியத் தொடர் ஒன்றைச் சொன்னேன். வந்த முதல் கேள்வி: "பிரிண்ட் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' ஒரு அடிகூட மிஞ்சவில்லை. புணே திரைப்படக் காப்பகம் வந்ததே 1964இல்தான். அதற்குள் எத்தனையோ போய்விட்டன. இருப்பதில் சப்டைட்டிலோடு ஓடும் நிலையில் எது என்று புணேக்கு எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பும் செலவையும் சேர்த்துக் கேட்கணும். பட்ஜெட் பார்க்கும் பெண் அதில் கறார்.