ஆனந்தமைடும் அக்கா மகனும்

2025 ஜனவரி 5, சேலம்

ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் இறங்கி அஸ்தம்பட்டி வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. காபிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் அக்காவுக்கு மகனைக் கவனிக்க நேரமில்லை. இருபத்து நான்கு வயதாகும் அவன் மூன்று ஆண்டுகளாகக் கஞ்சா புகைக்கிறான் என்பதை இன்று என்னிடம் மட்டும் சொன்னான். திட்டுவதற்கு வாயெடுத்தேன். "அது இல்லன்னா மனசு கல்லாட்டம் கனக்குது மாமா, எனக்கு அதுதான் மருந்து" என்றான். முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதால், திட்டுவதை ஒத்திப்போட்டேன்.

ஜனவரி 7

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யை ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் இஸ்ரேலில் 1964இல் பிரித்தெடுத்தார்கள். அது போய்ப் பொருந்தும் ஏற்பி, அதாவது செல்லின் மேல் வாசல் போல இருந்து அதை ஏற்றுக்கொள்ளும் புரதம், மூளையில் இருப்பது 1988இல் தெரிந்தது. அதே ஏற்பிக்காக உடம்பே சுரக்கும் பொருளை 1992இல் மெக்கூலத்தின் ஆய்வகம் கண்டறிந்து, வடமொழி ஆனந்தத்தைக் கடன் வாங்கி ஆனந்தமைடு என்று பெயரிட்டது. (நாம் அந்தச் சொல்லைத் திருமண மண்டபங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்.) ஆனந்தமைடு தேவைப்படும்போது உருவாகி, நொதியால் விரைவில் சிதைந்துவிடுகிறது, டி.எச்.சி. அப்படி எளிதில் விட்டுப் போவதில்லை.

பையன் சொன்னதை முழுப் பொய் என்று தள்ள முடியாமல் செய்தது ரிமோனபான்ட்தான். இந்த ஏற்பியை அடைத்துப் பசியைக் குறைக்கும் மாத்திரையாக 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வும் சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இல் நிறுத்தப்பட்டது; இந்தியாவும் 2009இல் தடை செய்தது. அந்த வாசலை அடைத்தால் மனம் சரிகிறது என்றால், அதற்கும் மனநிலைக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும்.

ஜனவரி 12

அப்படியானால் தினமும் புகைப்பவனுக்கு மனம் ஏன் கனக்கிறது? நாள்தோறும் டி.எச்.சி. வந்து தட்டிக்கொண்டே இருந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. தினமும் புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் இந்தக் குறைவு தெரிந்தது. ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்தியதும் அது மீண்டது. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் மனச்சோர்வும் தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகின்றன. ஆகவே அவன் மருந்து போட்டுத் தணிக்கும் கனத்தில் ஒரு பங்கு, அந்த மருந்து இறங்குவதாலேயே வருவதாக இருக்கலாம். புகைத்ததும் அது விலகுவதால், தனக்கு நோய் தீர்ந்தது என்றே அவனுக்குத் தோன்றும். உள்ளே இருப்பவனால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

2019இல் 11 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தபோது, வளரிளம் பருவத்தில் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு விகிதம், புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், 1.37 ஆக இருந்தது (ஒன்று என்றால் வேறுபாடு இல்லை என்று பொருள்). இவன் இருபத்தொன்றில் தொடங்கியவன் என்பதால் அந்தக் கணக்கை இவன் தலையில் அப்படியே சுமத்த மாட்டேன்.

ஜனவரி 19

போகியன்று நிறுத்தினான். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான எசிட்டாலோபிராம் மாத்திரையை எழுதியிருக்கிறார். நான்கு இரவுகள் தூங்கவில்லை. பொங்கலன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனானாம். இன்று தொலைபேசியில், "சி.பி.டி. எண்ணெய் வாங்கிக்கலாமா மாமா, அதுல போதை கிடையாதாமே?" என்று கேட்டான். சி.பி.டி. கஞ்சாவிலேயே இருக்கும் இன்னொரு பொருள். அதில் போதை இல்லை என்பது உண்மை. குழந்தைகளின் கடுமையான வலிப்புக்கு அதை 2018இல் அமெரிக்கா அனுமதித்தது என்பதும் உண்மை. ஆனால் மனச்சோர்வுக்கு அது மருந்து என்று நிறுவப்படவில்லை. அதோடு, எசிட்டாலோபிராமைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது மந்தப்படுத்துவதால் மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஏற்காடு

களத்தில் காபிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். தூக்கம் வந்துவிட்டது, இப்போது கனவுகள்தாம் தொல்லையாம். டி.எச்.சி. அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் நிறுத்தியபின் பொங்கி வருவது வழக்கம் என்றேன். எசிட்டாலோபிராம் வேலை செய்யத் தொடங்கும் காலமும் ஏற்பிகள் மீளும் காலமும் ஒன்றாகவே வந்து விழுந்திருப்பதால், எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க வழியில்லை. மருந்துக்கடைக்காரனாக எனக்கு அதில் சற்று ஏமாற்றம்தான். மனத்தின் கனத்தைப் பத்துக்கு இத்தனை என்று தினமும் காலையில் குறிக்கச் சொல்லியிருந்தேன். போகியன்று எட்டு. இன்று ஆறு. பத்தாம் தேதி மருத்துவரிடம் அந்த நோட்டையும் கொண்டுபோகச் சொன்னேன்.