கருவேப்பிலைக்கு வெயில் காட்டுறது

காலமை கருவேப்பிலைச் சாடியைத் தூக்கிக்கொண்டு பின் கதவால வெளிக்கிட, அம்மா ஒரு பழைய பெட்ஷீட்டோட பின்னாலயே வாறா. "காத்தடிக்குது, போத்து விடு பிள்ளை."

கனடாவில, ஸ்காபரோவில மே மாசம். பகல் 18 டிகிரி, ஆனா இரவில 10க்குக் கீழ போனா திரும்பவும் உள்ள தூக்கோணும், நாரி முறியும்.

ஒக்டோபர்ல இருந்து ஏழு மாசம் ஜன்னலடியில கிடந்து, ஹீட்டர் காத்தில இலை கொட்டி, சிலந்திப்பேன் பிடிச்சு, சோப்புத் தண்ணியால ஒவ்வொரு இலையாத் துடைச்சுக் காப்பாத்தின கண்டு இது.

போன வருசம் அவசரப்பட்டு முதல் நாளே நல்ல வெயில்ல வச்சிட்டன். ரெண்டே நாளில இலையெல்லாம் வெளிறிப் பொரிஞ்சு போச்சு.

ஊரில கிணத்தடியில தன்பாட்டில வளருற சாமான், கனடா வெயில்ல கருகிப்போச்சு எண்டா ஆர் நம்புவினம்?

வெயிலில பிழையில்லை. வீட்டுக்குள்ள மங்கின வெளிச்சத்தில வந்த இலை மெல்லிசு, திடீரெண்டு நேர் வெயில் பட்டாத் தாங்காது. அதால இந்தமுறை நிழலில முதல் நாள் ரெண்டு மணித்தியாலம், பிறகு கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி ஒரு 10 நாள். மே பிற்பகுதியில வாற விக்டோரியா டே விடுமுறை லோங் வீக்கெண்ட் கழியத்தான் முழு வெயில்.

அம்மா வந்த முதல் வருசமும் இப்பிடித்தான், மே வரைக்கும் ஜன்னலடியிலயே இருந்தவ. பிறகு வாசற்படி, பிறகு தெரு முனை, பிறகுதான் தனிய பஸ்.

இப்ப ஒரு இலையை நுள்ளி மணந்து பாத்திட்டு, "பரவாயில்லை, மணம் இருக்கு" எண்டுறா.

பெட்ஷீட் போத்தித்தான் விட்டவ.