கொடைக்கானல் நாட்குறிப்பு: பேய் நடமாடும் இடங்கள்

அக்டோபர் 11, 2025, சனி

குணா குகையின் கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்தால், மண்ணுக்கு மேலே புடைத்துப் பின்னிக் கிடக்கும் வேர்களும் அவற்றுக்கு அப்பால் இருட்டும்தான் தெரிகின்றன. ஏறக்குறைய 400 அடி உயரமுள்ள தூண் பாறைகளுக்கு இடையே விழுந்த ஆழமான பிளவுகளைத்தான் குகை என்கிறோம். 1821-இல் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இம்மலையில் அளந்து திரிந்தபோது குறித்துவைத்த இந்த இடத்தை வெள்ளைக்காரர்கள் பிசாசின் சமையலறை என்றார்கள். 1991-இல் வெளிவந்த 'குணா' படத்துக்குப் பிறகு பழைய பெயர் பின்னுக்குப் போய்விட்டது. பாறை இடுக்குகளிலிருந்து மூடுபனி எழும்போது, உள்ளே யாரோ அடுப்பு மூட்டியதைப் போலத்தான் இருக்கிறது.

சருகும் பாசியும் மூடிய பிளவின் மேல், பனி இறங்கிய நேரத்தில் கால் வைப்பவர் எதன் மேல் நிற்கிறோம் என்று அறியமாட்டார். அப்படி விழுந்து இறந்தவர்கள் பலர். 2006-இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் விழுந்தபோது, இன்னொருவர் கயிற்றில் இறங்கி அவரை உயிரோடு மீட்டார். 'அந்தப் பக்கம் போனால் பிசாசு இழுத்துக்கொள்ளும்' என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெரியவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அந்தச் சொல் ஓர் உயிரையாவது காத்திருக்கும். விழுந்தவர்களின் அலறல் இரவில் கேட்பதாகக் காணொளி எடுத்துப் போடுகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இறந்தவர்களுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். அந்தக் காணொளி அவர்கள் கண்ணிலும் படும்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றிரவு விடுதிக்குப் பின்னாலுள்ள சோலையில் ஏதோ ஒன்று விட்டு விட்டுக் குரைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் தங்கியிருந்தவர்கள் விளக்கை அணைக்காமல் விழித்திருந்தார்கள். அது கேளையாடு என்ற, குரைக்கும் சிறு மான் என்று விடுதிக் காவலர் சொன்ன பிறகும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நாயின் குரலைப் போலவே இருந்தும் நாய் இல்லை என்று காது உணர்ந்துவிடுவதுதான் அந்த ஒலியின் அச்சம். நள்ளிரவில் ஊருக்குள்ளேயே காட்டெருமை உலவுகிற இடம் இது. இருட்டில் வெளியே போகாதே என்பதற்குக் காத்துக்கருப்பைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று கண்டதை எழுதாமல் உறங்க முடியாது. கோக்கர்ஸ் வாக் பாதையில் மாலை வெயில் முதுகில் விழ நின்றுகொண்டிருந்தேன். கீழே பள்ளத்தாக்கை மேகம் நிறைத்திருந்தது. திடீரென்று அந்த மேகத்தின் மேல் ஒரு கரிய மனித உருவம், கால்கள் நெடுக நீண்டு, தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு தோன்றியது. நான் அசையாமல் நின்றபோதும் அது அசைந்தது. கையை உயர்த்தினேன், அதுவும் உயர்த்தியது.

அது என் நிழல்தான். ஜெர்மனியின் பிராக்கன் மலையில் 1780-இல் விவரிக்கப்பட்டதால் இதைப் பிராக்கன் பூதம் என்கிறார்கள். சூரியன் நமக்குப் பின்னாலும் மூடுபனி எதிரிலும் கீழிலும் இருக்கும்போது நிழல் ஒரு சுவரில் விழுவதுபோல் ஒரே தளத்தில் விழாமல், பனியின் ஆழம் முழுவதும் ஊடுருவி விழுகிறது. தொலைவை மதிக்கக் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாததால் உருவம் பேருருவாகத் தெரிகிறது, பனி நகர நகர அதுவும் நகர்கிறது. நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் உண்டாகும் வளையம், பார்ப்பவரின் தலையைச் சுற்றி மட்டுமே அவருக்குத் தெரியும். என் அருகில் நின்ற மூதாட்டி, 'என் தலைக்குத்தான் ஒளி இருக்கிறது, உங்களுக்கு இல்லை' என்றார். எனக்கோ நேர் எதிராகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன்னையே தேர்ந்தெடுத்து வந்த தெய்வமாகவோ பேயாகவோ அதை எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. காரணம் அறிந்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கல்திட்டைகள் நிற்கின்றன. பக்கங்களில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெருங்கல்லை மூடியாக வைத்த, பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இவை. இந்தப் பழனி மலைத்தொடரின் மக்கள் இவற்றைக் குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்கிறார்கள். என்னை அழைத்துச்சென்ற தோட்டக்காரர், 'ஐயா, உள்ளே கை விடாதீர்கள், எங்கள் அப்பா காலத்திலிருந்து விடுவதில்லை' என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

சற்றுத் தள்ளி, புதையல் தேடியவர்கள் மூடுகல்லைப் புரட்டி உடைத்துவிட்ட திட்டை ஒன்றைக் காட்டினார். தகரப் பலகையோ காவலரோ இல்லாத இந்தச் சரிவில் அச்சம் ஒன்றுதான் இத்தனை காலம் கற்களைக் காத்தது என்று அவர் நம்புகிறார், நானும் நம்புகிறேன். இயேசு சபைத் துறவி ஆங்கிலாடும் நியூட்டனும் இம்மலைகளின் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. நாளை செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று, இத்திட்டைகளைப் பற்றி அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.